ஏட்டையா வீட்டு ஊறல்

என் நெஞ்சை விட்டுப் போகாத பாண்டியன் அப்பாவுக்கு,

பாக்கியம் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, வரி மேலும் கீழும் போகும். நீங்கள் பழகியவர், கூட்டிப் படித்துக்கொள்வீர்கள்.

முதலில் பிள்ளைகளின் சேதி. பேத்தி சிந்து பத்தாவதில் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள், தூக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் தம்பி அகிலனுக்கு நீச்சலில் வெள்ளி மெடல். தண்ணீரைக் கண்டால் அழுத பிள்ளை அவன், உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. நம் மகள் சரசுவின் மகன் கதிருக்குக் கவர்மெண்டு காலேஜில் இடம், யார் சிபாரிசும் இல்லாமல். அவன் தங்கை ரேவதி பேச்சுப் போட்டியில் கலெக்டர் கையால் பரிசு வாங்கினாள். மைக்கு எட்டவில்லை என்று ஸ்டூல் போட்டார்களாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு மகனைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று தேடுவீர்கள். உங்கள் மீசை துடிப்பது எனக்குத் தெரிகிறது. அதற்குத்தான் வருகிறேன்.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் என் காது படவே ஒருத்தி சொன்னாள். "ஏட்டையா ஊரூராப் போயி சாராய ஊறல் பானைய ஒடச்சாரு. அவரு மவன் துபாய்ல ஊறல் போட்டு, போலீசு அடிச்சு வெரட்டிருச்சாம்ல." பக்கத்தில் நின்றவள் என்னைப் பார்த்துவிட்டு அவள் கையைக் கிள்ளினாள். நான் சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதில் பாதி உண்மை, பாதி பொய். எது எந்தப் பாதி என்று முதலில் உங்களுக்குத்தான் நான் சொல்ல வேண்டும். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் இதை வெளியில் தெரிய எழுதுகிறேன்.

பாண்டி வேலை பார்த்த துபாய்க் கட்டடம் பாதியில் நின்றுபோனது. பணம் போட்டவர்கள் கையை விரித்துவிட்டார்களாம். அந்த வருஷம் அங்கே பாதிக் கட்டடங்கள் அப்படித்தான் கம்பியை நீட்டிக்கொண்டு நின்றன. கம்பெனி அவன் விசாவை ரத்து செய்யவில்லை. "வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டது. சம்பளம் கிடையாது. மருமகள் வாணி ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குப் போனாள். குடியிருந்தது பக்கத்து ஷார்ஜாவில்; வீட்டில் ஆள் வேண்டும் என்று என்னை விசிட் விசாவில் அங்கே அழைத்தார்கள்.

போய் இறங்கிய அன்றைக்கே குளியலறையில் எனக்கு அந்த வாசனை அடித்தது. நீங்கள் மதுவிலக்குப் பிரிவில் இருந்தபோது, ரெய்டு முடிந்து வருகிற நாளில் உங்கள் காக்கிச் சட்டையில் இருக்குமே, அந்தப் புளிப்பு. எத்தனை தடவை துவைத்த கை இது. எனக்கா தெரியாது? சாராய ஊறலில் போடுவார்களே, அந்த வேலம்பட்டை வாசனை மட்டும் இதில் இல்லை.

மூலையில் துண்டு போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். குடிதண்ணீர் வருகிற பெரிய பிளாஸ்டிக் கேன். வாயை அடைத்து ஒரு ரப்பர் குழாய், அதன் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள். பாட்டிலில் குபுக், குபுக் என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"பாண்டி, என்னடா இது?"

"பியரும்மா." சின்னப் பிள்ளையில் பீடி பிடித்து மாட்டிக்கொண்டானே, அதே மாதிரி நின்றான். "கடையில விக்கிற பார்லித் தண்ணிதான். போதை இல்லாதது. அதுல சீனியும் ஈஸ்ட்டும் போட்டு வெச்சா பியராயிரும்."

"ஆயிருச்சா?"

"இன்னும் ஒரு தடவகூட ஆகல."

துபாயிலாவது அதற்குக் கடை உண்டு, லைசென்சு உண்டு. ஷார்ஜாவில் ஒரு சொட்டு கூடாது. பிடித்தால் ஜெயில், ஜெயிலிலிருந்து நேரே விமானம். மொத்தக் குடும்பமும் அவன் விசாவில் இருந்தது. சிந்துவுக்குப் பொதுத்தேர்வு வாசலில் நின்றது. வாணி என்னைத் தனியாக அழைத்துப்போய் அழுதாள். "நீங்களாச்சும் சொல்லுங்க அத்தை. அவளுக்குப் பரீட்சை முடியிற வரைக்குமாவது இது வேணாம்னு சொல்லுங்க. காலிங் பெல் அடிச்சாலே ஓடிப்போயி பாத்ரூம் கதவச் சாத்துறேன்."

சொன்னேன். அவன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? "குடிக்கிறதுக்கு இல்லம்மா. நான் ஆரம்பிச்ச பில்டிங் பாதில நிக்கிது. பஸ்ல அந்தப் பக்கம் போனா தலையக் குனிஞ்சுக்கிறேன். ஏதாவது ஒண்ண ஆரம்பிச்சு நானே முடிச்சுப் பாக்கணும்."

"அதுக்கு ஊறுகா போடேண்டா."

அவன் சிரிக்கவில்லை.

ஒன்றாவது சரியாக வந்திருந்தால் விட்டிருப்பானோ என்னவோ. முதல் தடவை, வீட்டிலேயே பெரிய பாத்திரம் இட்லி மாவுப் பாத்திரம்தான் என்று அதில் கரைத்து, மாவுக் கரண்டியாலேயே கலக்கியிருக்கிறான். மாவின் புளிப்பு அதில் ஏறி, மொத்தமும் காடியாகப் போய்விட்டது. அடுத்ததைக் கலர் பாட்டில்களில் ஊற்றி பீரோவுக்குள் ஒளித்து வைத்தான். அந்த ஊர் வெக்கைக்கு ஒரு பாட்டில் வெடித்து, சிந்துவின் பள்ளிக்கூட யூனிபாரம் முழுக்க நனைந்தது. துவைத்துத் துவைத்துப் பார்த்தும் வாசனை போகவில்லை. அன்றைக்கு அவள் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டாள். கணக்கில் முதல் வந்த பிள்ளை, அப்பாவுக்காகப் பொய் சொன்னாள்.

அப்புறம் ஒன்று அழுகின முட்டை வாசனை அடித்தது. அங்கே குளியலறை ஜன்னல்கள் எல்லாம் கட்டடத்துக்கு நடுவில் ஒரு குறுகலான சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். மேல்வீட்டில் இருமினால் கீழ்வீட்டில் கேட்கும். எங்களுக்கு நேர் கீழே கீழக்கரைப் பெண் ஜமீலா குடியிருந்தாள். தங்கமான பிள்ளை. அவள்தான் ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டாள். "மேல யாரு வூட்ல முட்ட கெட்டுப்போச்சு? எடுத்துக் கொட்டுங்கம்மா, மூச்சு விட முடியல." பாண்டி இரவெல்லாம் உட்கார்ந்து ஊதுபத்தி கொளுத்தினான்.

ஒவ்வொரு தடவையும் கிளாசில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பான். ஒரு மடக்கு குடிப்பான். முகம் விழும். கம்பெனிக்குப் போய் "இன்னும் ஒன்றும் இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருகிற நாளில் விழுமே, அதே முகம். பேசாமல் எல்லாவற்றையும் மக்கால் மொண்டு கக்கூஸ் கோப்பையில் ஊற்றுவான். கேனைக் கொதிநீர் விட்டுக் கழுவுவான். மறுபடி ஆரம்பிப்பான். அவன் ஆரம்பிக்கும்போது எனக்குப் பயம். முகம் விழும்போது அதைவிடப் பெரிய பயம். நான் ஏன் அதற்குமேல் தடுக்கவில்லை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் எந்தப் பயத்தோடு நீங்கள் சேர்ந்திருப்பீர்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

வாணி வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பாண்டி தொழில்பேட்டையில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்குக் கிளம்பினான். போகும் முன்னால் என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டுத் துண்டை விலக்கினான். "பாரும்மா, இந்தத் தடவ தெளிஞ்சிருக்கு." உண்மைதான். தேனில் தண்ணீர் கலந்த நிறத்தில், அடி வரைக்கும் தெரிந்தது. பல மாதம் கழித்து அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்தேன். "நான் வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் காலிங் பெல். கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். கட்டடத்துக் காவல்காரர் கான் பாய், நல்ல உயரமான பட்டாணியர். பக்கத்தில் பைப்பு ரிப்பேர்காரன். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருத்தர், கையில் ஃபைல். ஃபைலைப் பார்த்ததும் போலீஸ் என்றே நினைத்தேன். கட்டட ஓனரின் ஆபீஸ் ஆள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"மாஜி, பாத்ரூம் தேக்னா ஹை. நீச்சே லீக். பானி, பானி." குளியலறையைப் பார்க்க வேண்டும், கீழே ஒழுகுகிறது என்று கான் பாய் கையால் கீழ்வீட்டைக் காட்டினார்.

"வீட்ல ஆம்பள இல்ல. அப்புறம் வாங்க."

"அபி, மாஜி. ஃபைவ் மினிட்." இப்போதே பார்க்க வேண்டுமாம்.

"குளிக்கப் போறேன்" என்று தலையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி காட்டினேன். "எண்ணெ தேச்சுக் குளியல். செவ்வாக்கெழம." அவருக்கு என்ன புரிந்ததோ, இரண்டு எட்டு பின்னால் போனார். கதவைச் சாத்திவிட்டேன்.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். நானும் அந்தக் கேனும்தான். குபுக் என்றது.

கொட்டிவிட வேண்டும், வேறு வழியில்லை என்றுதான் போனேன். ஊறலை எப்படி அழிப்பார்கள் என்று நீங்கள் எனக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு உதை போதும் என்பீர்கள். கோப்பை வரைக்கும் அதைத் தூக்க என்னால் ஆகாது. சாய்த்தால் போதும், தரையில் ஓடிப் போய்விடும். ரப்பர் குழாயைப் பிடித்தேன். அடிவரை தெளிந்து நிற்கிறது. கை வரவில்லை. கெட்டுப்போனதை அவன் கொட்டலாம். நன்றாக வந்த ஒன்றை, அவன் கண்ணால் பார்க்குமுன்பு நான் எப்படிக் கொட்டுவேன்?

வெளியே பெல் அடித்தது. தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன், குபுக் சத்தம் கேட்கக்கூடாது என்று. சொன்ன பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டேன்.

ஜன்னல் வழியாக ஜமீலாவின் குரல் வந்தது. "மேல பாண்டியண்ணன் வூடா? தண்ணிய நிறுத்துங்க."

"நான் பாட்டிம்மா. குளிக்கிறேன்."

"குளிங்க பாட்டி, வேணாங்கல. ஆனா எங்க வூட்டுக்குள்ள மழ பேயிது."

"எண்ணெ தேச்சிருக்கேன். போக வேணாமா?"

"எண்ணெ போறதுக்குள்ள எங்க கூர போயிரும் போலருக்கே."

குழாயை நிறுத்தினேன். குபுக், குபுக். அந்தச் சின்ன அறையில் அது உறுமி மாதிரி கேட்டது. திறந்தேன். "பாட்டி, இப்ப கட்டில் மேல சொட்டுது" என்று கீழேயிருந்து கத்தினாள். நிறுத்தினால் நாங்கள் மாட்டிக்கொள்வோம். திறந்தால் அந்தப் பிள்ளை வீடு நனைகிறது. கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் திறந்து, முந்தானையை அந்தக் குபுக் பாட்டில்மேல் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் முகம்தான் எதிரே நின்றது. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை.

அப்போது சாவி போடுகிற சத்தம். கூடத்தில் பல காலடிகள்.

"அம்மா." பாண்டியின் குரல். கான் பாய் போன் போட்டு அவனைப் பாதி வழியிலிருந்து திருப்பியிருக்கிறார்.

எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்ததோ. ஏட்டு வீட்டுக் குரல்தான். "எல்லா ஆம்பளயும் வெளிய போய் நில்லுங்க. ஈரத்தோட ஒரு பொம்பள வெளிய வரணும்."

அவன் அதை இந்தியில் சொன்னான். கான் பாய் மற்ற இரண்டு பேரையும் தோளைப் பிடித்தே வெளியே தள்ளியிருக்கிறார். "சலோ, சலோ, பாஹர். மாஜி ஆ ரஹீ ஹை." கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தாழைத் திறந்தேன். அவன் கேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கொட்டலியா?" என்றான், சத்தமே இல்லாமல்.

"மொதல்ல தூக்குடா."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினோம். நான் ஈரச் சேலைமேல் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டேன்.

உள்ளே வந்தார்கள். ரிப்பேர்காரன் தரையைத் தட்டினான். ஃபைல்காரர் மூக்கைச் சுருக்கினார். "யே ஸ்மெல் கிஸ்கா ஹை?" பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். என்ன வாசனை என்று கேட்கிறார், எனக்கே புரிந்தது. "தலைக்கு வெச்சது" என்று ஈரத் தலையைக் காட்டினேன். "பழைய கஞ்சித்தண்ணியில சீயக்கா ஊற வெச்சேன். புளிச்சாத்தான் முடிக்கு நல்லது. சொல்லுடா அவருகிட்ட."

சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ரெய்டுக்குப் போகிற இடத்தில் பெண்கள் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு "மாட்டுக்குக் கழனித்தண்ணி ஏட்டையா" என்று சொல்லுவார்கள் என்று நீங்கள் வந்து சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி நான்.

ஃபைல்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். நாளைக்கு வந்து தரையை உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கான் பாய் கடைசியாகப் போனார். வாசலில் நின்று பாண்டியின் காதருகே மெதுவாகச் சொன்னார். "இஞ்சினியர் சாப், ஆஜ் ஹீ ஸாஃப் கரோ. கல் நஹீ. ஆஜ்." நாளைக்கு இல்லை, இன்றைக்கே சுத்தம் செய் என்று அர்த்தமாம். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதவு சாத்தியதும் பாண்டி என்மேல் பாய்ந்தான். "ஏம்மா கொட்டல? மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா? சிந்து பரீட்ச எழுதியிருப்பாளா? நாளைக்கே அஞ்சு பேரையும் ஏத்தி அனுப்பிருப்பான்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"உன் கையால செஞ்சு உருப்படியா வந்தது அது ஒண்ணுதான். நீயே பாக்காம அத எப்பிடிக் கொட்டுவேன்? வேணும்னா நீ கொட்டு."

குளியலறைக்குப் போய் ஈரத் தரையில் குந்தினான். தண்ணீர் போகிற சல்லடை ஓரமாக விரலை வைத்து அழுத்தினான். சிமெண்டு பெயர்ந்து விரல் உள்ளே போனது. அங்கிருந்தே கேட்டான்.

"கொட்டறதா இருந்தா எங்க கொட்டியிருப்ப?"

"தரையிலதான். கோப்ப வரைக்கும் என்னால தூக்க முடியுமா?"

"கோப்பைக்கு வேற பைப்பும்மா. தரையில விழுறது இந்த ஓட்ட வழியா நேரா ஜமீலா வீட்டுக் கூரையில எறங்குது. நீ கொட்டியிருந்தா, அவங்க கட்டில் மேல பியர் சொட்டியிருக்கும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து வேளை தொழுகிற வீடு அது.

அவன் போய் ஒரு கிளாசில் மொண்டு வந்தான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினான். அழகாகத்தான் இருந்தது. ஒரு மடக்கு குடித்தான். முகம் அசையவில்லை. கிளாசை என்னிடம் நீட்டினான். "நீ சொல்லும்மா."

ஏட்டையா பெண்டாட்டி, வாழ்நாளில் முதல் தடவை, விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியை நக்கின மாதிரி இருந்தது.

"நல்லா இல்லடா."

"இல்லல்ல?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தான். பிறகு மக்கை எடுத்து, கோப்பையில் ஊற்ற ஆரம்பித்தான். நான் கேனைச் சாய்த்துப் பிடித்தேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அன்றைக்கு அது விழவில்லை.

மறுநாள் தரையை உடைக்க யாரும் வரவில்லை. "நானே பண்றேன்" என்று கான் பாயிடம் சொல்லிவிட்டான். மாதக்கணக்கில் கட்டிலுக்கு அடியில் கிடந்த தன் சாமான் பையை இழுத்து எடுத்தான். சல்லடையைச் சுற்றிச் சுரண்டி, புதிதாகப் பூசி, தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தான். கீழே போய் ஜமீலா வீட்டுக் கூரையையும் பூசிச் சுண்ணாம்பு அடித்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் தொதல் அல்வா கிண்டிக் கொடுத்தனுப்பினாள். "இனிமே பாட்டி எவ்ளோ நேரம் வேணாலும் குளிக்கலாம்" என்று சேர்த்துச் சொல்லியனுப்பினாள். அதற்குப் பிறகு அவன் கேனைத் தொடவில்லை. கேன் குடிதண்ணீருக்கே திரும்பப் போனது.

ஆக, மகன் ஊறல் போட்டான், அது உண்மை. போலீஸ் விரட்டியது என்பது பொய். சிந்து பரீட்சை எழுதி முடித்தாள். அப்புறம் கம்பெனி கணக்கை முடித்து விசாவை ரத்து செய்தது, குடும்பமே பெட்டி கட்டிக்கொண்டு மரியாதையாக வந்து இறங்கினோம். ஆறு மாதம் அவன் இங்கே சும்மா இருந்ததைத்தான் ஊர் கண் காது மூக்கு வைத்துப் பேசியது. இப்போது மஸ்கட்டில் வேலை. கட்டடம் ஏறுகிறது. "அங்கயும் ஏதாவது ஊற வெச்சிருக்கியாடா?" என்று போனில் கேட்டேன். "நேரமில்லம்மா, நாளைக்குக் கான்கிரீட்டு" என்றான்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குக் காக்கிச் சட்டையோடு நீங்கள் அந்த வாசலில் வந்து நின்றிருந்தால், என்னைத் தள்ளிவிட்டு அந்தக் கேனை உதைத்திருப்பீர்களா? பதில் எனக்கு வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள், நானும் அங்கே உங்களிடம் வந்து சேரும்போது சொல்லுங்கள்.

ஒரு சத்தியம் செய்கிறேன். இனி என் காது பட யாராவது பேசினால் நான் பேசாமல் வர மாட்டேன். ஏட்டையா மகன் ஊறல் போட்டான், ஒன்றுகூட வாயில் வைக்கிற மாதிரி வரவில்லை, ஏட்டம்மாதான் காவல் நின்றாள் என்று நானே முந்திச் சொல்லுவேன். உங்கள் பெயருக்கு அதில் ஒரு குறையும் வராது.

பாண்டி, இதை நீயும் படிப்பாய். உன் அப்பா யூனிபாரத்தில் நிற்கிற படத்துக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். தலையில் அந்த மஞ்சள் தொப்பியோடு, நீ முடித்த தளத்தின்மேல் நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. கம்ப்யூட்டரில் வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பு, அவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்,
பாக்கியம்